இடது கால் பெடல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான் வேண்டும். பாட்டுக்குப் பொத்தான், தூக்கத்துக்குப் பொத்தான். துக்கத்தை நிறுத்த ஒரு பொத்தானைக் கடையில் விற்றால் அதையும் வரிசையில் நின்று வாங்குவார்கள். வாசலில் குடையை உதறிக்கொண்டே பெரியவர் இப்படித்தான் முணுமுணுத்தார். அவர் கூட்டிவந்த மெக்கானிக் படியேறும்போதும் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விழுந்து தொலையாதப்பா. உன்னைத் தூக்க எனக்குத் தெம்பில்ல."

கதவைத் திறந்தது மருமகள். கழுத்தில் பெரிய ஹெட்போன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புருஷன் செத்ததிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. அக்கா வந்து கூப்பிட்டும் நகரவில்லை. பகல் முழுக்க அவனுடைய எலக்ட்ரானிக் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் வாசிப்பதைக் கேட்கிறாளாம். வாசிக்க ஆளில்லாத டிரம்.

பெரியவர் பேயை நம்புகிற ஆளில்லை. டாக்டரையே நம்பாதவர். ஆனால் மருமகளின் மணிக்கட்டில் துருத்திக்கொண்டிருந்த எலும்பை நம்பினார். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள். அதனால்தான் அந்தச் சனியனை விற்க ஏற்பாடு செய்தார். வாங்குகிறவர் பழைய செட்டிங்ஸை அழித்துத் தரச் சொல்லியிருந்தார்.

அறையில் மூடிக் கிடந்த ஜன்னலின் புழுக்கம். ரப்பர் வாசனை. அதற்கும் அடியில், மகன் காலுக்குத் தேய்த்துவந்த தைலத்தின் வாசனை.

மெக்கானிக் மாட்யூலை உயிர்ப்பித்தான். அதுதான் அந்த டிரம்முக்கு மூளை. எந்த ரப்பர் பேடைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான் சொல்லிவைப்பார்கள்.

"யாரு பெரியவரே இப்படி வச்சது? எல்லாம் தலைகீழா இருக்கு. தொம்முனு அடிக்கிற பேஸ் டிரம் வலது கால்ல வரணும், இங்க இடது கால் பெடலுக்குக் குடுத்திருக்கு. இடது கால் பாக்க வேண்டிய வேலைய முழங்கைகிட்ட இருக்கிற பேடு பாக்குது."

"அவருக்கு வலது கால் வராது" என்றாள் மருமகள்.

பிறந்த ஆறாம் மாதமே சூம்பிப்போன கால். மற்றவர்களுடைய டிரம்மில் உட்கார்ந்து தோற்றுத் தோற்று எழுந்து வந்தவன், கடைசியில் இந்தப் பெட்டிக்குத் தன் உடம்பைச் சொல்லிக்கொடுத்தான். எது வரும், எது வராது என்று. அவனைப் பற்றி இனி உலகத்தில் அவ்வளவு சரியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"அழிப்பா."

"மாமா, வேண்டாம்."

"அழிங்கிறேன்ல."

மகனை ஒரு தடவை வழியனுப்பியது போதாதென்று, இரண்டாம் தடவையும் தன் வாயாலேயே. பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக் பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை ஒரு கணம் வெறுமையாகி மீண்டது. வலது பெடலை மிதித்தான். ஸ்பீக்கரில் தொம் என்றது. இடது பெடலை மிதித்தான். ச்சிக் என்றது.

"அவ்ளோதான். இனி எல்லா மனுஷனும் வாசிக்கலாம்."

காலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

இடது பெடல் தானாக இறங்கியது.

தொம்.

"நான் தொடல, பெரியவரே."

திரையில் எழுத்துகள் பழையபடி மாறத் தொடங்கின. அவசரமேயில்லை. ஒவ்வொரு வரியாக, யாரோ யோசித்து யோசித்துத் திருத்துவதுபோல.

தொம்.

முழங்கைப் பக்கத்துப் பேடின் ரப்பர் குழிந்து, எழுந்தது.

தைல வாசனை கனத்தது.

"யாரோ மாடியில குதிக்கிறாங்க. அதிர்வு" என்றார் பெரியவர்.

"அதிர்வுல பேடு தானா அடிக்கும், நான் பாத்திருக்கேன். செட்டிங்க மாத்தாது" என்று கிசுகிசுத்தபடியே மெக்கானிக் பின்வாங்கினான். கைபேசியைக்கூட மறந்துவிட்டு ஓடினான்.

மருமகள் பெடலருகே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பெரியவர் முதல் தடவையாகப் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

"பாத்தீங்களா மாமா? கூப்பிடுறாரு."

"எங்க?"

"அவர்கிட்டதான். வான்னு. நான் போகட்டுமா?"

கடைக்குப் போகட்டுமா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

பெரியவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது.

தொம்.

ஸ்பீக்கரில் இல்லை. தரையில். உள்ளங்காலில்.

முட்டி வலிக்க மண்டியிட்டு, அந்தப் பெடலருகே வாயைக் கொண்டுபோனார்.

"டேய். நீ இருக்கேன்னு நான் நம்பல. செத்தவன் வாசிக்க மாட்டான். ஆனா ஒருவேளை இருந்தேன்னா கேட்டுக்கோ. அவ வாழ வேண்டிய பொண்ணு. விட்டுடு. தனியா இருக்க முடியலையா? அப்பன் ஒருத்தன் இருக்கேன்ல. என்கூட வா."

பெடல் பாதி இறங்கி நின்றது.

வெகுநேரம் அப்படியே நின்றது.

பிறகு மெல்ல மேலே வந்தது. தைல வாசனை அறையைவிட்டு விலகியது.

மருமகள் பேடின் மேல் கையை வைத்துக் காத்திருந்தாள். அவள் முகம் உடைந்தது. அவன் செத்த அன்றுகூட அழாதவள், வாய்விட்டு அழுதாள்.

"நின்னுடுச்சு மாமா. போயிட்டாரு."

"பிளக்கப் புடுங்கினா நிக்காம என்ன செய்யும்? அக்காவுக்கு போனைப் போடு."

அக்கா வந்து, அவள் வாயில் நாலு வாய் சோறு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் பெரியவர் கிளம்பினார். மழை விட்டிருந்தது. தெருவில் ஆளில்லை.

நடந்தார். காலுக்கடியில் தொம் என்றது.

நின்றார். அதுவும் நின்றது.

மறுபடி நடந்தார். அவரது ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. கொஞ்சம் பின்தங்கி, ஆனால் விடாமல்.

"காதுல ரத்தம் அடிக்குது. வயசாயிடுச்சு" என்று காலித் தெருவிடம் உரக்கச் சொன்னார்.

நம்பவில்லை. துளியும் நம்பவில்லை. நடையைக் குறைத்துக்கொண்டு, நடைபாதையின் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொரு ஆள் வருமளவுக்கு இடம் விட்டு நடந்து போனார்.