கிளார்க்கய்யா வாசலில் பூசணித்தலை

கயிற்றை விட்ட பிறகும் பொம்மை இன்னொரு தடவை தலையாட்டியது.

சங்கரலிங்கம் கதவிடுக்கு வழியாக உற்றுப் பார்த்தார். காற்று என்று முடிவு செய்தார். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காகக் காலம் தள்ளியவர். எதற்கும் ஒரு காரணம் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று நம்புகிற ரகம். ஆனால் காற்று எங்கே இருந்தது? ஐப்பசி பாதி போயும் கடமலைக்குண்டில் ஓர் இலை அசையவில்லை. வைகை வெறும் மணலாய்க் கிடந்தது. மாடுகள் கிளப்பிய புழுதி கீழே இறங்கக்கூடச் சோம்பல்பட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தெருவில் அந்தரத்திலேயே நின்றது.

வாசலில் பிரம்பு நாற்காலி. அதில் வைக்கோல் அடைத்த உடம்பு. மேலே சங்கரலிங்கத்தின் பழைய கறுப்புக் கோட்டு. அதற்கு மேலே பேனாக்கத்தியால் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய். உள்ளே அகல். சுடர் பட்டுப் பூசணிச் சதை கருகும் வாடை, பாதி பலகாரமாகவும் பாதி பிணமாகவும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

வித்தை மக்ரே துரையுடையது. அவர் சீமையில் ஐப்பசி வாக்கில் ஒருநாள் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாகக் கதவு தட்டுவார்களாம்; வீட்டுக்காரர்களும் வாசலில் பேய் செய்துவைத்துப் பயமுறுத்தி, அப்புறம் தின்பண்டம் கொடுப்பார்களாம். பங்களாவில் துரை அதைச் செய்தபோது சங்கரலிங்கம், "வெரி நைஸ், சார்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் வாந்தி எடுத்தார். ஊரில் சொல்லும்போது வாந்தியை விட்டுவிடுவார்.

ஊர் கேட்டதும் கொஞ்ச நாள்தான். மனைவியை மலையிலேயே புதைத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் கீழே இறங்கி வந்தவருக்குப் பஞ்சாயத்தில் முதல் நாற்காலி போடுவார்கள் என்று ஒரு எண்ணம். போட்டார்கள். முதல் நாள் துரையைப் பற்றிப் பேசினார். மறுநாள் துரையின் நாயைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த நாள் எல்லோருக்கும் வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது. அதிலிருந்து சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் அவரோடு பேசிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மழை பொய்த்ததும் ஊரில் மழைச்சோறு எடுக்க ஆரம்பித்தார்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் பானை தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு உப்பில்லாத கஞ்சி வாங்கி, மந்தையில் ஒன்றாகக் கலந்து குடித்து, வானத்துக்குக் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைப்பார்கள். முதல் நாள் ஜன்னலுக்குப் பின்னால் சங்கரலிங்கம் செம்பில் கஞ்சியோடு நின்றார். வெளியே பேச்சு கேட்டது.

"ஏலே, இங்கன வேணாம். கிளார்க்கய்யா வீடு."

"ஏன், கஞ்சி ஊத்த மாட்டாகளா?"

"ஊத்துவாக. ஆனா இங்கிலீசுல ஊத்துவாக."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கஞ்சி ஆடை கட்டிப்போயிற்று.

மறுநாள்தான் பொம்மை உட்கார்ந்தது. ஊரில் மாட்டுக்கே வைக்கோல் இல்லாததால், தன் மெத்தையைக் கிழித்து வைக்கோலை உருவினார். தான் படுக்கிற பக்கத்தை. மனைவி படுத்த பக்கத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. பொம்மையின் கழுத்தில் கட்டிய கயிறு கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. பிள்ளைகள் கிட்டே வந்ததும் சுண்டி இழுத்து, தகரப் புனலை வாயில் வைத்து உறுமினார். தெருவே அலறியது. அலறி ஓடியவர்கள் மூலையில் நின்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவரும் கதவைத் திறந்து சிரித்தார். சிரிப்பு எப்படி வரும் என்பதே மறந்திருந்ததால் அது முதலில் இருமலாகத்தான் வந்தது. அன்றுமுதல் தினமும் வந்தார்கள்.

மழை பெய்தால் வரமாட்டார்கள்.

இந்த ஒரு கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வருசநாட்டு மலைப்பக்கம் கறுத்தால் எழுந்து உள்ளே போவார். சாமி படத்துக்கு முன்னால் நின்று, உதடு அசையாமல் கேட்டுக்கொள்வார்: இன்றைக்கு வேண்டாம். எதிர்வீட்டுப் பவுனுவின் பசு ஒருநாள் விலா எலும்பு தெரியச் சரிந்து விழுந்தது. அப்போதும் கேட்டார். இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

இன்று காலையில் பவுனு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு எளசுக கொடும்பாவி இழுக்குதுக. அந்தப் பொம்மைய உள்ள எடுத்து வச்சுருங்கய்யா."

கொடும்பாவி அவருக்கும் தெரியும். எவன் பாவத்தால் மழை நின்றதோ அவனை வைக்கோலில் செய்து, தெருத்தெருவாக இழுத்து, சுடுகாட்டில் கொளுத்துவது.

"நான்சென்ஸ்," என்றார். "இது துரை வீட்டு வேடிக்கை."

"இருக்கட்டும். ஒங்க கோட்டுல்ல போட்டிருக்கு?"

"பழைய கோட்டு."

"பழசு புதுசு நமக்குத் தெரியும். மேல இருக்கவகளுக்குத் தெரியுமா? எந்தப் புண்ணியவான் மழையக் கட்டி வச்சிருக்கானோன்னு ஊரே பல்லக் கடிச்சுக்கிட்டுத் திரியுது."

அவர் பொம்மையின் நாற்காலியை நேராக்கி வைத்தார். பொம்மையை உள்ளே எடுத்தால் பிள்ளைகள் எதற்கு வருவார்கள்?

இப்போது இருட்டிவிட்டது. மலைக்கு மேலே சத்தமில்லாமல் ஒரு மின்னல். இன்றைக்கு வேண்டாம் என்று உதடு அசையாமல் சொன்னார். வெளியே பூசணித்தலை மெல்ல ஆடியது, கேட்டுக்கொண்ட மாதிரி.

தெருக்கோடியில் ஒப்பாரி கேட்டது. பிள்ளைகள்தான். ஆனால் வழக்கமான குறும்பு அதில் இல்லை. பெரியவர்கள் இழவு வீட்டில் அழுகிற மாதிரி, இழுத்து, நிதானமாக, ஒரே சுருதியில் அழுதுகொண்டு வந்தார்கள். காலடிச் சத்தம் வாசலில் வந்து நின்றது. அவர் புனலை எடுத்தார். கயிற்றைச் சுண்டினார்.

கயிறு வரவில்லை.

மறுபடி இழுத்தார். விறைப்பாக நின்றது. பிறகு, வெளியேயிருந்து, யாரோ மெதுவாக இழுத்தார்கள். கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போயிற்று. எரியவில்லை. சருகு உரசுகிற சத்தம்தான் வந்தது.

உறுமினார். யாரும் அலறவில்லை.

"இதுதான்டா," என்றது ஒரு பெண்குரல்.

"கிளார்க்கய்யா மாதிரியே இருக்குல்ல?"

"மாதிரி என்னலே மாதிரி? கிளார்க்கய்யாதான்."

"பாவம்டா."

"பாவம் இல்லலே. பாவி."

ஏய், என்று அதட்டப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தேடினார். கை தடவியது. விரல் மடங்கவில்லை. பூசணி கருகும் வாடை நெடியேறியது, மூக்குக்கு வெளியே இல்லை, உள்ளே. தலைக்குள் சூடு. முன்னால் ஒரு மஞ்சள் வெளிச்சம். அது எங்கிருந்து விழுகிறது?

கண்ணுக்குப் பின்னாலிருந்து.

எதிரே கதவு. அவர் வீட்டுக் கதவு. வெளிப்பக்கம். இடுக்கில் ஒரு கண், அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கடிகாரம். அப்புறம் ஒரு இருமல். சிரிக்கப் பழகுகிற இருமல். தாழ்ப்பாள் விழுந்தது.

கழுத்தில் கயிறு இறுகியது.

நாற்காலி சாய்ந்தது. கல். புழுதி. கல். குதிகால் தட்டித் தட்டிப் போயிற்று. வலி இல்லை. கத்தினார். வெட்டிய வாய் வெட்டியபடியே இருந்தது. பவுனு தன் வாசலில் நின்று, கடந்து போகிறவரைப் பார்த்து, ஒரு பிடி மண் வாரித் தூற்றினாள்.

சுடுகாட்டு மேட்டில் முதல் துளி விழுந்தது. பொட்டென்று, கோட்டின் மேல். பிறகு நிறைய.

"ஆத்தா! மழ! மழடோய்!"

குதித்தார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருவன் குனிந்து கோட்டைத் தடவினான்.

"நனைஞ்சுட்டானே. எரிவானா?"

"எரிவாம்லே. மேலதான் ஈரம். உள்ளுக்குள்ள காஞ்சுதான கெடக்கான்."

அத்தனை பிள்ளைகளும் அவரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவ்வளவு கிட்டே யாரும் வந்ததில்லை. ஈரத் தலைமுடி வாசம். மூச்சுச் சூடு. ஒரு சின்னப் பெண் அவர் கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாகப் பிரியத்தோடு கழற்றிவிட்டு, உள்ளே வெளுத்துக் கிடந்த வைக்கோலை விலக்கி, மழை படாமல் முதுகால் மறைத்துக்கொண்டு, கொள்ளியைச் செருகினாள்.