இடது பின்சக்கரம்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி.

செண்பகத்தோப்பு சாலையிலிருந்து பிரிந்து சரிவாக இறங்கும் மண்பாதை, ஒரு மாந்தோப்பின் இரும்புக் கேட்டில் போய் முடிகிறது. அந்தக் கேட்டடியில் அன்னாள் டீச்சர் நெஞ்சு நசுங்கிச் செத்துக் கிடந்தார். பூட்டைத் திறந்த சாவி இன்னும் விரலிடுக்கில் இருந்தது. நாலடி தள்ளி அவருடைய கார் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. மகன் அலெக்ஸ் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எஸ்.ஐ. பாலகணேஷ் வந்ததும் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஹேண்ட்பிரேக் லீவர் கீழே இறங்கிக் கிடந்தது. அலெக்ஸின் கெட்ட காலம் அந்த நிமிடத்தில் ஆரம்பித்தது.

பகல் பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் விசாரணை நடந்தது.

"வண்டிய நிறுத்துனது யாரு?"

"நான்தான் சார்."

"ஹேண்ட்பிரேக் போட்டியா?"

"போட்டேன் சார். நல்லா மேல இழுத்துதான் போட்டேன்."

"பொறவு எப்படி கீழ கிடக்கு?"

"அம்மா மேல இருந்து வண்டியத் தள்ளணும்லா சார். எறக்கி விட்டுட்டுத்தான் தள்ளுனேன். கேட்டடி மட்டும் சமதரை, அதான் தள்ளுன இடத்துல நின்னுச்சு."

"கியர்?"

"நியூட்ரல். அம்மா கேட்டத் திறந்ததும் உள்ள ஓட்டிட்டுப் போயிருவேன். எப்பவும் அப்படித்தான். உர மூட்டை சரிஞ்சிருச்சான்னு பாக்க நான் எறங்கி டிக்கியத் திறந்தேன். அதுக்குள்ள வண்டி..."

"அந்தச் சரிவுல சக்கரத்துக்குக் கல்லு கூட வைக்கமாட்டியளா?"

அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மாதான் வைப்பாவ. உடைஞ்ச ஆட்டுக்கல்லு ஒண்ணு டிக்கியிலயே கிடக்கும். யாரும் தூக்கிப் போட்ரக்கூடாதுன்னு வெள்ளை பெயிண்டுல சிலுவை கூட போட்டு வச்சிருந்தாவ. பிரேக்கு வேலை பாத்த பொறவு அதைக் காணோம். 'இனிமே கல்லு வேண்டாம்ல'ன்னு அம்மா சொன்னாவ."

பாலகணேஷ் இதை நம்பவில்லை. நம்பாததற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. தளவாய்புரத்து மாரிசெல்வியைத்தான் கட்டுவேன் என்று அலெக்ஸ் பிடிவாதமாக நின்றான். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், ஊரே கேட்க, "என் பொணத்தத் தாண்டித்தான் அவ என் வீட்டுக்குள்ள வருவா" என்று டீச்சர் கத்தியிருந்தார். ஆத்திரத்தில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். ஆனால் சொன்னவர் இரண்டாம் நாளே பிணமாகிவிட்டால், அந்தப் பேச்சுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

போதாக்குறைக்கு ராஜபாளையம் மெக்கானிக் எபனேசர் எழுதிக் கொடுத்தார்: போன வாரம்தான் இரண்டு பின்சக்கரத்திலும் ஹேண்ட்பிரேக் ஷூ மாற்றினேன், பிரேக் புதுசு மாதிரி பிடித்தது. ஸ்டேஷன் முற்றத்தில் லீவரை இழுத்து வைத்துவிட்டு இரண்டு போலீஸ்காரர்கள் தள்ளியும் பார்த்தார்கள். கார் அசையவில்லை. பிரேக் நல்ல பிரேக் என்றால், அதை இறக்கி விட்டது ஒரு கை. அங்கே இருந்தது அலெக்ஸின் கை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை இன்சூரன்ஸ் சர்வேயர் எலினா வந்தாள். எபனேசரின் சொந்தத் தங்கை. அண்ணன் வேலை பார்த்த வண்டி என்று சொல்லி அவள் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கித்தான் இருக்க வேண்டும். ஆனால் அப்பா போன பிறகு கிரீஸ் கையோடு தன்னைப் படிக்க வைத்தவரின் வேலையில் குறை இருக்கும் என்று அவள் நினைத்ததே கிடையாது. நினைக்காதது எப்படி குறுக்கே நிற்கும்?

ஸ்டேஷன் வாசலில் மாரிசெல்வி நின்றிருந்தாள். மூன்று நாளாக அங்கேதான் நிற்கிறாள்.

"அக்கா, அவரு அம்மாவ எம்புட்டு ஏசுனாலும் ராத்திரி காலு பிடிச்சி விட்டுட்டுத்தான் தூங்குவாரு. வண்டில என்னவோ இருக்குக்கா. நீங்க பாருங்க."

எலினா முதலில் பானெட்டைப் பார்த்தாள். சேற்றில் இரண்டு உள்ளங்கைகள் அழுந்தப் பதிந்து காய்ந்திருந்தன. முன்னாலிருந்து உயிரைக் கொடுத்துத் தள்ளியவனின் கைகள். அவன் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்குப் புரிந்தது. மீதிப் பாதி சக்கரத்துக்குள்தான் இருக்கும். சர்வீஸ் முடிந்து போன வண்டியில் யாரோ புகுந்து பிரேக்கைத் தளர்த்தியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அலெக்ஸும் பிழைப்பான், அண்ணன் பேரும் பிழைக்கும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

பகல் ஒரு மணிக்கு அவள் ராஜபாளையம் போனாள். ஷெட்டின் தகரக் கதவு காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. கல்லின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை பெயிண்ட் தெரிந்தது.

எபனேசர் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"ரெண்டு பக்கமும் கழத்துனியாண்ணே?"

"கழத்தாம எப்படி ஷூ மாத்த? டிஸ்க எடுத்து, ஹப்புல துருவச் சுரண்டி, கிரீஸ் தடவித்தான் மாட்டுனேன்."

"நாளைக்கு நான் திறந்து பாக்கப் போறேன்."

அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எதுக்கு ஏட்டி உனக்கு இந்தப் பாடு? சரி, பாக்கதா இருந்தா பாத்துச் செய்யி. வலது பக்கம் கைல வந்துரும். இடது லேசுல வராது. போல்ட்ட நம்பாத. ஓங்கி அடிச்சிராத, டிஸ்க் வெடிச்சி முகத்துல தெறிச்சிரும்."

எத்தனை வயதானாலும் அண்ணனுக்கு நான் குழந்தைதான் என்று நினைத்து எலினாவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கேட்டால் காதும் சரியாக வேலை செய்யாது போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் சங்கிலிப்பாண்டி ஸ்டேஷன் முற்றத்தில் காரை ஜாக்கியில் ஏற்றினார். அந்தக் காரில் பின்சக்கரத்திலும் டிஸ்க்தான். டிஸ்க்கின் நடுவே கிண்ணம் மாதிரி ஒரு குழி. லீவரை இழுத்தால் ஹேண்ட்பிரேக் ஷூ இரண்டும் அந்தக் குழிக்குள் விரிந்து பிடிக்கும்.

வலது பக்கம் டிஸ்க் கையோடு வந்தது. உள்ளே புது ஷூ. டிஸ்க் உட்காரும் ஹப்பில் கிரீஸ் மினுமினுத்தது. எலினாவுக்கு மூச்சு வந்தது.

இடது பக்கம் வரவில்லை. சங்கிலிப்பாண்டி துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு ஷூவைத் தளர்த்தினார். அப்போதும் வரவில்லை. இந்த மாதிரி டிஸ்க்கில் இரண்டு மரைத் துளை இருக்கும். அதில் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளும். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், ஒரு துளைக்குள்ள போல்ட்டு முறிஞ்சி கிடக்கு. முறிஞ்ச இடம் இன்னும் பளபளன்னு இருக்கு."

எலினா குனிந்து அந்தத் துளைக்குள் பார்த்தாள்.

எண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். சூடு காட்டினார்கள். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினார்கள். பன்னிரண்டரை மணிக்கு 'டப்' என்று விட்டது. ஹப்பில் கெட்டித் துரு, அடை அடையாக. உள்ளே இருந்தது பழைய ஷூ. உரசிப் பிடிக்கிற லைனிங் பெயர்ந்து கருந்தூளாகக் குழியில் கொட்டிக் கிடந்தது. மீதி வெறும் இரும்பு.

"மழையில நின்ன வண்டிலா?" என்றார் பாலகணேஷ். "துரு ஏறியிருக்கும்."

"வலது பக்கமும் அதே மழைலதான் சார் நின்னுச்சு."

"அப்ப யாரோ உள்ள கைய விட்டு பழைய ஷூவ மாட்டிட்டான்."

"கைய விட முடியாது சார். இந்தத் துரு உடைஞ்சது இப்பத்தான், உங்க கண்ணு முன்னாடி. ரெண்டு மூணு வருசமா இந்த டிஸ்க் கழலவே இல்ல. அலெக்ஸும் தொடல." அவள் கைத்துருவைத் துடைத்துக்கொண்டாள். "ஷூ மாத்துனேன்னு எழுதிக் குடுத்தவரும் தொடல."

"ஸ்டேஷன்ல தள்ளிப் பாத்தோமே. அசையலையே?"

"சமதரைல ஒத்தைப் பக்கம் தாங்கும். மூட்டை ஏத்திட்டு அந்தச் சரிவுல நின்னா எப்படி தாங்கும்? செத்த நேரம் பிடிச்சிருக்கும், டீச்சர் கேட்டுக்குப் போற வரைக்கும். பொறவு வழுக்கிருச்சு."

பாலகணேஷ் தொப்பியைக் கழற்றினார். "உங்க அண்ணன் மாத்தலன்னு நிச்சயமா சொல்லுதீங்களா?"

"அவரே எங்கிட்ட சொல்லிட்டாரு சார். எனக்குத்தான் உறைக்கல. வலது கைல வரும், இடது லேசுல வராது, போல்ட்ட நம்பாதன்னாரு. போன வாரம் கழத்தி கிரீஸ் தடவுன டிஸ்க் ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தானே வரணும்? இடது வராதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கழத்தப் பாத்து, போல்ட்ட முறிச்சி, கைவிட்டவருக்குத்தான் தெரியும். எனக்கு அடிபட்ரக்கூடாதேன்னு சொன்ன வார்த்தை சார் அது."

மூன்றரை மணிக்கு எலினாவும் பாலகணேஷும் ஷெட்டுக்குள் போனபோது எபனேசர் எழுந்து நின்றார். ஜீப்பைப் பார்த்ததும் அவர் எதையும் மறுக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டுனேன் சார். வரல. டீச்சர் வண்டிக்கு நின்னுக்கிட்டே இருந்தாவ. எங்கப்பா காலத்துல இருந்து இந்த ஷெட்டுல 'முடியல'ன்னு சொல்லி யாரையும் அனுப்புனதில்ல. எனக்கும் வாயி வரல. வீலப் பூட்டிட்டு, லீவர இழுத்தா பிடிக்க மாதிரி இருக்கட்டும்னு கேபிள டைட் வச்சேன். அடுத்த வாரம் எதாவது சாக்குச் சொல்லி வரவழைச்சி முடிச்சிரலாம்னு..."

"ஒரு பையன் நாலு நாளா உள்ள கிடக்கான் அண்ணே."

"தெரியும் ஏட்டி. எனக்கு நாக்கு எழும்பல." அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "கல்லத் தூக்கிப் போடுங்க டீச்சர், இனிமே எதுக்குன்னு நான்தான் சொன்னேன். சிரிச்சிக்கிட்டே குடுத்துட்டுப் போனாவ."

நாலரைக்கு அலெக்ஸை விட்டார்கள் என்று பாலகணேஷின் செல்போனுக்குத் தகவல் வந்தது. வெளியே வந்தவன் மாரிசெல்வியின் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். நேராக நடந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டானாம். டீச்சர் சொன்ன சொல் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இனி என்றைக்கும் கிடக்கும். அதை எந்த சர்வேயராலும் நகர்த்த முடியாது.

எபனேசர் ஜீப்பில் ஏறினார். தங்கையைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

"அந்தக் கல்லும் வேணும் மேடம்" என்றார் பாலகணேஷ்.

எலினா குனிந்து கதவடியில் கிடந்த கல்லைப் புரட்டினாள். மறுபக்கத்தில் வெள்ளைச் சிலுவை இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னால் ஷெட்டின் தகரக் கதவு மெல்ல நகர்ந்து தானாகச் சாத்திக்கொண்டது.