தமக்கையை நீக்கிய வாரம்

பிரம்பு நாற்காலியின் மெத்தை சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போன்ற சூடு. முனீரா கையை எடுத்தாள், புறங்கையால் மறுபடி தொட்டுப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெயில் என்று சொல்ல அன்று ஒன்றும் இல்லை. பக்கத்து நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்து ஐந்து நாளாகிவிட்டது. சிங்கப்பூரில், தோ பாயோவின் அடுக்குமாடிகள் எல்லாம் கழுவாத கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை போல மங்கிக் கிடந்தன, பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது, ஜன்னல்களை இறுக்கி மூடி வாசற்கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகியும் எரிந்த கட்டையின் வாசனை எப்படியோ பதினோராவது மாடி வரை ஏறிவந்து தலையணை உறையில்கூடத் தங்கியிருந்தது.

அந்த நாற்காலியில் அவள் இரண்டு நாளாக உட்காரவில்லை. வீட்டில் உட்கார வேறு ஆளும் கிடையாது.

முனீரா தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதைவசனம் எழுதுகிறவள். இப்போது கையில் இருந்தது ‘ஈரக்கல் தீவு’ என்ற அறுநூறு பக்க மாயக் கதை. அதை எட்டு எபிசோடாகச் சுருக்க வேண்டும். நாவலின் தமிழை வாயில் போட்டு மென்று பார்க்காமல் வசனம் ஆக்க முடியாது என்பது அவள் கட்சி. அதனால் கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். தங்கை கயலின் வசனத்தைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பேசுவாள். எழுந்து நான்கு எட்டு நடந்து, ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தமக்கை தூமணியின் வசனத்தைப் பேசுவாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி இப்படித் தனக்குத்தானே சண்டை போட்டுச் சமாதானம் ஆவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லையே என்பது பிறகு நினைவுக்கு வரும். அது கூச்சத்தைவிட மோசமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை தயாரிப்பாளர் ஸ்ரீநாத் கூப்பிட்டான். முப்பது வயதுக்காரன், எல்லோரையும் அக்கா என்பவன், சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கில் வாக்கியத்தின் முடிவில் ஒரு ‘லா’ சேர்ப்பவன்.

“பட்ஜெட் இடிக்குது லா. அக்காவைத் தூக்கிடுங்கக்கா. அவங்க டயலாக் எல்லாத்தையும் தங்கச்சிக்கே கொடுத்துடுங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளு, அவ்வளவுதான்.”

அவளுக்கு இது புதிதல்ல. இரண்டு மாமாக்களை ஒரு மாமா ஆக்கியிருக்கிறாள், ஒரு வேலைக்காரியை முழுசாகக் கரைத்திருக்கிறாள். ஆனால் தூமணியை எடுப்பது மனசுக்கு ஒப்பவில்லை. நாவலில் தங்கை கடலுக்குள் போகிற நாளெல்லாம் தூமணி தங்கையின் முகத்தை அணிந்துகொண்டு அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பாள். வீடு காலி என்பது கடலுக்குத் தெரியக்கூடாது. தங்கை திரும்பி வந்து, தூமணி என்று பெயர் சொல்லி எழுப்பினால்தான் முகத்தைக் கழற்றிக் கொடுப்பாள். அந்தப் பெயரைத்தான் கணினியில் தேடி, நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் ‘கயல்’ என்று ஒரே தட்டில் மாற்றினாள் முனீரா. பிறகு பிரம்பு நாற்காலிப் பக்கம் போக வேலை இருக்கவில்லை.

சரி, புழுக்கம். மூடிய வீட்டில் மெத்தை சூடாகத்தானே இருக்கும். ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

மறுநாள் ஸ்ரீநாத் மறுபடி கூப்பிட்டான். குரலில் உற்சாகம் வழிந்தது.

“நேத்து அனுப்புனீங்களே வாய்ஸ் மெசேஜ், செம்மக்கா! டைரக்டருக்கும் போட்டுக் காட்டிட்டேன். நீங்க இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல.”

“நான் ஒண்ணும் அனுப்பலையே.”

“அட, விளையாடாதீங்க லா.”

போனை வைத்துவிட்டுத் தேடினாள். இருந்தது. செவ்வாய், மூன்று மணி பத்து நிமிடம், நான்கு நிமிட ஒலிப்பதிவு. அழுத்தினாள். முதலில் ஃபேன் சத்தம், அவள் வீட்டு ஃபேனின் அதே கட கட. பிறகு அவளுடைய குரல், நிதானமாக, தூமணியின் வசனத்தைப் பேசியது. எழுதிய வசனத்தைவிட நன்றாக இருந்தது. எங்கே மூச்சு விட வேண்டும் என்று அறிந்த குரல். முடிவில் ஒரு சிரிப்பு.

மூன்று பத்துக்கு அவள் அந்த நாற்காலியைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். மறக்கவும் காரணம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் மண்டைக்குள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஆஸ்மா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படிக்கிறாள். அவளோடு பேசி நான்கு மாதமாகிறது. ஆஸ்மாவின் வாப்பா நெஞ்சுவலியில் இறந்தபோது அவளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முனீரா ஒன்பது நாள் சொல்லவில்லை. ஜனாஸா அடக்கம் முடிந்து, வீட்டில் ஓதி முடித்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு சொன்னாள். உன் நல்லதுக்குத்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். மகள் போனை வைத்தவள்தான். இப்போது, நான்கு மாதம் கழித்து, ஒரு குறுஞ்செய்தி: ‘ஞாயிறு அஞ்சு மணிக்குக் கூப்பிடுறேன். ஒரே ஒரு தடவை. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்கிறேன்.’

ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவளுக்குத் தன் மகளிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தாள். மன்னிச்சிடு என்று எழுதினால் அடுத்த வரியில் ‘ஆனா’ வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை தேக்கா சந்தைப் பக்கம் போனாள், வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. முகக்கவசத்துக்குள் புகையும் மல்லிகையும் கருவாடும் கலந்து வந்தன. வழக்கமாக வாங்கும் மளிகைக் கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் வாங்கிப் போனார். அதற்குப் பின்னால் வந்த பெண்ணும் வாங்கிப் போனாள். கடைக்காரர் பாலகிருஷ்ணனின் கண் அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தது.

“அண்ணே,” என்றாள். மூன்றாவது தடவைதான் அவருக்குக் கேட்டது, திடுக்கிட்டுத் திரும்பினார்.

“அடடா, நிக்கிறதையே கவனிக்கலையேம்மா! என்ன, ஏதும் மறந்துட்டீங்களா? இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க.”

“நான் இப்பத்தான் வர்றேன்.”

“நல்லா இருக்கே! கால்மணி நேரம் நின்னு பேசிட்டுப் போனீங்க. பத்து வருசமா வர்றீங்க, இன்னிக்குத்தான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுனீங்கன்னு சம்சாரத்துக்கிட்டகூடச் சொன்னேன். மக ஞாயித்துக்கிழமை கூப்பிடப் போகுதாமே? சந்தோசம்மா.”

மகள் கூப்பிடப் போவதை முனீரா ஒருவரிடமும் சொல்லவில்லை.

ரயிலில் யாரும் அவளுக்கு இடம்விட்டு நகரவில்லை. காலியான ஓர் இருக்கையில் உட்கார்ந்ததும், பையோடு வந்த ஒருவர் அவள் மடிமேலேயே உட்காரப் பார்த்தார். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு அவள் பாதி நுழைந்திருக்கும்போதே மூடியது. அவள் தோளில் மோதியும் திறக்கவில்லை. உடம்பை இழுத்து விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். பதினோராவது மாடியில் சாவி போட்டு வீட்டைத் திறந்தபோது, உள்ளே வறுத்த கருவாட்டு வாசனை.

அடுப்பு சூடாக இருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் எப்போதும் கவிழ்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

அன்று முதல்தடவையாக, தனியாக இருப்பதற்காக அல்ல, தனியாக இல்லாததற்காகப் பயந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கணினியைத் திறந்தாள். தூமணியைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், பட்ஜெட் நாசமாய்ப் போகட்டும். ஆனால் எல்லாப் பெயரும் ஒன்றாகிவிட்ட பிறகு எது யாருடையது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினாள். பத்து இடம், இருபது இடம், நாற்பது. மதியம் நிமிர்ந்து முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் முதலில் திருத்தியவை எல்லாம் மறுபடி கயல் ஆகியிருந்தன. பின்னால் பிரம்பு முனகியது. உட்கார்ந்த ஆள் கால் மாற்றிப் போட்டால் எழும் முனகல். அவள் திரும்பவில்லை.

ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டாள்.

“ஹலோ? முனீராக்கா? சொல்லுங்க.”

சொன்னாள். அக்காவை எடுக்காதே என்றாள். உடனே வா, யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றாள்.

“ஹலோ? ஒண்ணும் கேக்கலையே. லைன் சரியில்ல போல லா. நீங்க அப்புறம் கூப்பிடுங்க.”

லைன் நன்றாகத்தான் இருந்தது. அவன் பக்கத்தில் யாரோ தேநீர் கலக்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. போனைக் கீழே வைத்தாள். நாவலில் உள்ளபடியே செய்துபார்ப்பது என்று முடிவு செய்தாள், வெட்கமெல்லாம் போய்விட்டது. நாற்காலியைப் பார்த்து நின்றாள். மெத்தை குழிந்திருந்தது. தூமணி, எழுந்திரு.

உதடு அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. கூடத்தில் ஃபேனின் கட கட தவிர ஒரு சத்தமும் இல்லை.

அன்று படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போகலாம். ஆங் மோ கியோவில் அவளுடைய நாத்தனார் இருக்கிறாள். ஆனால் ஓடிப்போய் யார் கண்ணில் படுவது? அதைவிட, மகள் வீடியோவில் கூப்பிடும்போது இந்தக் கூடத்தில், இந்தப் போனுக்கு முன்னால் வேறொருத்தி உட்கார்ந்திருந்தால்? அதற்காகவே இருந்தாள். மகளாவது தன்னைப் பார்த்துவிடுவாள் என்று நம்பினாள். பெற்ற தாயைத் தெரியாமலா போகும்?

ஞாயிறு மாலை. ஐந்துக்கு ஐந்து நிமிடம். போனைச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்தாள். பச்சை முக்காட்டைச் சரிசெய்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். சமையலறைக்கு ஆறு எட்டுதான்.

தம்ளர் பாதி நிரம்பியபோது போன் மணி அடித்தது.

இரண்டாவது மணியில் நின்றது.

“அஸ்ஸலாமு அலைக்கும்டா தங்கம்.”

அவளுடைய சொந்தக் குரல்.

முனீரா சமையலறை வாசலில் நின்றாள். பிரம்பு நாற்காலி மேசைக்கு முன்னால் இருந்தது. அதில் அவள். பச்சை முக்காடு. முனீரா தன் தலையைத் தொட்டாள். வெறும் முடி.

திரையில் ஆஸ்மா. மெலிந்திருந்தாள். முகம் இறுகியிருந்தது.

“சொல்லுங்க உம்மா.”

“தப்பு என்மேலதான்டா. பரீட்சை சும்மா சாக்கு. நீ வந்து வாப்பா முகத்தைப் பார்த்து அழறதை என்னால தாங்க முடியாதுன்னு பயந்துட்டேன். நான் தப்பிக்கிறதுக்காக உன்கிட்டருந்து அதைப் பறிச்சுட்டேன்.”

அதில் ‘ஆனா’ இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. முனீரா தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாத உண்மை.

ஆஸ்மா அழுதாள். நான்கு மாத அழுகை. “இதைத்தான் உம்மா கேட்கணும்னு இருந்தேன். இதை மட்டும்தான்.”

நான்தான். ஆஸ்மா, இங்கே. நான்தான் உம்மா. முனீரா கத்தினாள். சத்தமில்லை. தம்ளரைத் தரையில் எறிந்தாள். கண்ணாடி சிதறியது. தண்ணீர் தெறித்தது. சத்தமில்லை.

“வீட்டைக் காட்டுங்களேன் உம்மா. பார்த்து எவ்ளோ நாளாச்சு.”

நாற்காலி முனகியது. அவள் எழுந்தாள், போனைத் திருப்பிப் பிடித்தாள். ஜன்னல், வாப்பாவின் படம், புத்தக அலமாரி. பிறகு சமையலறை வாசல். திரையில் மகளின் கண்கள் நேராக முனீராவைப் பார்த்தன. முனீரா இரண்டு கையையும் ஆட்டினாள்.

“கிச்சன் அப்படியே இருக்கு லா,” என்றாள் ஆஸ்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இவ்ளோ பெரிய வீட்டுல தனியா இருக்கீங்க. அடுத்த மாசம் லீவுக்கு நான் வர்றேன்.”

“வாடா. வா.”

“இனிமே என்கிட்ட எதையும் மறைக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“மாட்டேன்டா. எதையும் மறைக்க மாட்டேன்.”

பேசியபடியே அவள் நடந்து வந்தாள். ஒரு கையில் போன். மறு கை சமையலறைக் கதவைப் பற்றியது. போனுக்கு மேலாக முனீராவைப் பார்த்தாள். முனீராவின் கண்களால். கோபமில்லை. கேலியும் இல்லை. வெட்டப் போகும் காட்சியைக் கடைசித்தடவை படித்துப் பார்க்கும்போது முனீரா பார்ப்பாளே, அந்தப் பார்வை.

கதவு மெல்ல நகர்ந்தது. இடுக்கு வழியாக மகளின் முகம் தெரிந்தது, கண்ணீரோடு, சிரித்தபடி.

முனீரா இடுக்கில் கையைக் கொடுத்தாள். ஐந்து விரலும் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தன.

கதவு தடையில்லாமல் மூடிக்கொண்டது.