பார்கவி அம்மாவின் பொட்டுகள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மதலைமுத்துவுக்குக் கார் ஏசி பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் இருந்தது. பள்ளி விடுமுறை விட்டால் அவருடைய மகள் சிந்துவுக்கு அங்கே ஒரு வேலை உண்டு.

அப்பா வேக்கம் பம்ப்பை மாட்டி, ஏசிக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். பிறகு வால்வை மூடிப் பம்ப்பை நிறுத்துவார். அப்போது மீட்டரின் முள் அசையாமல் நிற்கிறதா என்று சிந்து பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ ஓட்டை. கண் சிமிட்டவும் அப்பாவிடம் லீவு கேட்க வேண்டும் என்று அம்மா கேலி செய்வாள்.

அன்று சிவசங்கரன் தம் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். போன மாதம்தான் அவருடைய மனைவி பார்கவி இறந்துபோயிருந்தார். பெங்களூர் குளிருக்கு ஏசி எதற்கு, கண்ணாடியை இறக்கினால் போதாதா என்று மதலைமுத்து தம் பிழைப்பையே மறந்து கேட்டார். கண்ணாடியை இறக்கவே கூடாது என்றார் சிவசங்கரன்.

பம்ப் கடகடவென்று ஓடி நின்றது. முள் மெல்ல மெல்ல ஏறியது.

"அப்பா, ஏறுது," என்றாள் சிந்து.

மதலைமுத்து தேடிப் பார்த்தார். முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் பெட்டி இருக்கிறதே, அதன் பின்னால் உள்ள கூலிங் காயிலில்தான் ஓட்டை. பெட்டியைக் கழற்ற வேண்டும். எதில் கைவைத்தாலும் முதலில் துடைப்பது அவர் வழக்கம். பெட்ரோலில் நனைத்த துணியோடு பெட்டியின் மூடியிடம் போனார். சிவசங்கரன் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. ஏசியே வேணாம். வண்டிய அப்படியே குடுத்துடு."

பாதி நாள் வீணாயிற்றே என்று மதலைமுத்துவுக்குக் கோபம் வந்தது. சிந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். மூடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். அம்மா முகம் கழுவும்போது கண்ணாடியில் ஒட்டிவைப்பாளே, அந்த மாதிரி. ஓரிடத்தில் மட்டும் பொட்டு இல்லை, வட்டமாகப் பசைத் தடம் இருந்தது.

"காத்துல பறந்துடுச்சா அங்கிள்?"

அவர் தலையாட்டினார். ஏசி கெட்டுப்போனதும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினாராம். தொம்மலூர் பக்கம் ஒன்று பறந்துவிட்டது. வண்டியை நிறுத்திச் சாலையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

"வீட்டுக்குத் திரும்பறப்பல்லாம் நெத்தி அரிக்குதுன்னு எடுத்து ஒட்டுவா. வண்டிய அசிங்கம் பண்றேன்னு நான் திட்டுவேன்," என்றார்.

சிந்து அப்பாவின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"அப்பா, துடைக்காதீங்க. மூடியக் கழட்டி என்கிட்ட குடுங்க. மடியில வெச்சுக்கறேன்."

"அப்போ முள்ள யாரு பாக்கறது?"

"அங்கிள் பாப்பாரு."

மதலைமுத்து துணியைத் தூரப் போட்டார். ஃபேனையும் அவரே நிறுத்தினார். சிந்து மூடியை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தாள். கொசு கடித்தது. அவள் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

புதுக் காயில் மாட்டியதும் பம்ப் மறுபடி ஓடி நின்றது. சிவசங்கரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முள்ளைப் பார்த்தார்.

"நிக்குது," என்றார். அதன்பிறகும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேஸ் நிரப்பி, மூடியை மாட்டினார்கள். ஒரு பொட்டும் உதிரவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சிவசங்கரன் சிந்துவைக் கூப்பிட்டார். முன்கதவைத் திறக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடிகளை ஏற்றினார்கள். காற்று ஜில்லென்று வந்தது. பக்கத்தில் இருந்த காலி இடத்தைச் சிவசங்கரன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏசியை ஒரு திருகு குறைத்தார்.

"அவளுக்கு இவ்வளவு குளிர் ஆகாது," என்றார்.