புதுசுக்கு மாறிய குரல்

"அக்கா, இன்னைக்கே மாத்திடலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டபோது தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு இமைகளையும் மூடி அக்கா ஒட்டிய மெல்லிய பட்டைகள் ஒட்டியபடியே இருந்தன.

துவைத்த துண்டோடு அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெருசுக்கு இதெல்லாம் சகஜம். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு வீட்டில் வைத்த பெயர் பெருசு. சொன்னதை உடனே செய்கிற வழக்கமே அதற்குக் கிடையாது; யோசிக்கும், உள்ளே விசிறியைச் சுற்றவிட்டுப் பெருமூச்சு விடும், பிறகு மனசு வந்தால் செய்யும். ஒரு முறை தம்பி கண்ணால் எழுதியதை அவள் திரையில் படித்து, அவன் உதட்டை நனைத்துவிட்டு, ஒரு வாளித் துணியை மடித்து முடித்த பிறகு, பெருசு சாவகாசமாக "தண்ணி" என்றது. நேற்று ராத்திரி அவன் எழுதியதை இப்போது சொல்கிறது, அவ்வளவுதான் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள்.

தம்பிக்கு வந்த நோய் முதலில் கால்களை எடுத்தது, பிறகு கைகளை, பிறகு நாக்கை. கடைசியில் இமைகளையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது கருவிழிகள் மட்டும். அவையும் மயிரிழை அளவுக்குத்தான் அசையும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தாலும் அவன் எங்கே பார்க்கிறான் என்று சொல்ல முடியாது. திரைக்கு அடியில் பொருத்திய சின்ன கேமரா ஒன்றுக்குத்தான் அந்த அசைவு தெரியும். திரையில் எழுத்துக்கட்டம் இருக்கும். அவன் ஓர் எழுத்தைப் பார்த்தால் அது மேலே போய் விழும். சொல் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதைச் சொல்லும், அவனுடைய சொந்தக் குரலிலேயே. தொண்டை போவதற்கு முன் பதினோரு நாள் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்து அவன் பதிவு செய்து வைத்த குரல் அது.

அந்தப் புரோகிராமைச் செய்து விற்ற கம்பெனியை இழுத்து மூடி வருஷக்கணக்காகிறது. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே அது ஓடும்; நகல் எடுத்தால் வாய் திறக்காது. ஒன்றிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் நட்டாக வேண்டும். கேமராவும் வேறு எந்தப் புரோகிராமுக்கும் அடங்காது. நடுவில் ஏதாவது பிசகினால் தம்பி அவ்வளவுதான், உயிரோடு படுத்திருக்கிற ஓர் ஊமை. இந்தப் பயத்தால்தான் அவள் வாங்கி வந்த புதுக் கம்ப்யூட்டரை, புதுசை, ஒரு மாதமாகப் பெட்டியை விட்டே எடுக்காமல் வைத்திருந்தாள்.

புதுசு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது அவன்தான். அதிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இத்தனை வருஷமும் அவன் சொல்லில் படு கஞ்சன். "திருப்பு", "வலி", "போதும்", அதற்கு மேல் கண் தாங்காது. இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டான். அக்கா, சாப்டியா. அக்கா, பெருசு ரொம்ப மெதுவா இருக்கு, புதுசு ஒண்ணு வாங்கலாமே. தம்பி வாயாடி ஆகிவிட்டான் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். எப்போதாவது திரையில் "வேணாம்" என்று ஒரு சொல் எழும். என்ன வேணாம் என்று கேட்டால், "கண்ணு தவறிப் பட்டுடுச்சுக்கா" என்று குரல் சொல்லும்.

மதியம் மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினாள். வெளிச்சம் பட்டால் கேமராவுக்கு அவன் கண் தெரியாது என்பதால் அந்த அறையின் திரைச்சீலைகள் எப்போதும் மூடியே இருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரு பழுப்பு நிற அரையிருட்டுத்தான். மருந்து நெடி, பெருசின் சூடான தூசி வாசனை, அதன் விசிறி அடித்தொண்டையில் முனகும் சத்தம் எல்லாம் சேர்ந்து அந்த அறைக்கென்றே ஒரு காற்று இருந்தது, அதை அவள் ஆறு வருஷமாகச் சுவாசித்து வந்தாள். இமைப் பட்டைகளைப் பிரித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள்.

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கடா. அதுக்குள்ள முடிச்சிடறேன்," என்றாள்.

அவன் பதில் எழுதுவதற்குள் கேமராவின் வயரை உருவிவிட்டாள். அவன் எழுதத் தொடங்கியதை அவள் பார்க்கவில்லை.

இரண்டு கம்ப்யூட்டர்களையும் கேபிளால் இணைத்ததும், எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று புதுசின் திரையில் பட்டியல் வந்தது. இருபது புரோகிராம்கள் இருக்கும் என்று எண்ணி வைத்திருந்தாள். இருபத்தொன்று இருந்தன. கடைசி வரியில் பெயர் இல்லை, படம் இல்லை, அளவு மட்டும் இருந்தது. மற்ற இருபதையும் கூட்டினாலும் அந்த அளவு வராது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று ஏறியது.

அதை மட்டும் விட்டுவிடலாம் என்று அதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள். குரல் புரோகிராமின் டிக்கும் கூடவே போயிற்று. இதைப் போட்டால் அதுவும் வந்தது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"பேரில்லாதது எல்லா மெஷின்லயும் இருக்கும் மேடம்," என்றார் அவர். "எது எதோட கோத்துக்கிட்டு இருக்குன்னு நமக்குத் தெரியாது. அது இல்லாம இது ஓடாதுன்னா, சேத்து எடுத்துக்குங்க. ஆரம்பிச்சப்புறம் மட்டும் நடுவுல கரண்டைப் பிடுங்கிடாதீங்க. அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது."

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. மாற்றி முடித்ததும் பழைய கம்ப்யூட்டரை முழுவதும் அழித்துவிடலாமா? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவள் விரலும் அந்த ரகம்தான். அவள் வேலை பார்ப்பது ஆபீசின் பழைய பதிவுகள் பிரிவில். மெஷின் மாற்றினால் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். துடைக்க மறந்த ஒருவருக்கு வேலையே போயிருக்கிறது. அந்தப் பயம் மூளையைக் கேட்காமலே அவள் விரலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆம் என்பதைத் தட்டினாள்.

மாற்றம் தொடங்கியது. நான்கு சதவீதம். ஒன்பது.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். நெற்றி முழுக்க வியர்வை. துடைத்தாள். மறுபடி வியர்த்தது. அவன் விரலில் மாட்டியிருந்த நாடிக் கருவி எப்போதும் எழுபத்தெட்டைக் காட்டும், இப்போது தொண்ணூற்றாறு. சொட்டு மருந்து காந்துகிறதோ என்று கண்ணோரத்தை ஒற்றினாள். ஒற்றிய பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. மருந்து அவ்வளவு விடவில்லையே என்று நினைத்தாள்.

"கொஞ்ச நேரம்டா. நீ ஆசைப்பட்டதுதானே?"

நாடி நூற்றுப் பதினெட்டைத் தொட்டது.

நான்கு மணிக்குக் குரல் புரோகிராம் பெயர்ந்து முடிந்தது. பெயரில்லாத வரியும் பச்சையானது. பெருசின் திரையில் அழிப்பு ஓடத் தொடங்கியது. அதன் விசிறி இதுவரை கேட்டிராத வேகத்தில் சுற்றியது, மேஜை அதிர்ந்தது, தூசி கருகும் வாசனை எழுந்தது. கேமராவைப் புதுசில் செருகுவதற்காக அவள் வயரின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றது புதுசு. "இங்க எவ்ளோ இடம் இருக்கு தெரியுமா."

தம்பியின் குரல். தெளிவாக, மூச்சு விடும் இடைவெளி உட்பட. கேமராவின் வயர் இன்னும் அவள் கையில் இருந்தது.

ராத்திரி எழுதியது. லேட்டாகச் சொல்கிறது. அப்படித்தான் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் ராத்திரி அவன் எழுதியது பெருசில். புதுசுக்கு இன்றுதான் மின்சாரமே கொடுத்திருக்கிறாள்.

அழிப்பு முப்பத்தொரு சதவீதம். நிறுத்த ஒரு பொத்தானைத் தேடினாள். இல்லை. பெருசின் பிளக்கில் கை வைத்தாள். அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது. கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். நாற்பது. ஐம்பத்தெட்டு. அவளுக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியாமலே.

நூறு.

பெருசின் விசிறி நின்றது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக அந்த அறையில் சத்தமே இல்லை. தம்பியின் மூச்சு மட்டும் வேக வேகமாகக் கேட்டது.

கேமராவைப் புதுசில் செருகினாள். எழுத்துக்கட்டம் வந்தது. அதன் மேல் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. அவன் பார்க்கிற இடத்தில் அது நிற்கும். பெருசில் அது தள்ளாடித் தள்ளாடிப் போகும். இங்கே வெடுக்கென்று ஓடியது. ஓர் எழுத்து மேலே விழுந்தது.

"அ".

உடனே அழிந்தது.

"ரொம்ப நல்லா தெரியுதுக்கா," என்றது குரல். "நீ இளைச்சுட்டே."

"அது". அழிந்தது. "அது நா". அழிந்தது. புள்ளி நிற்கவில்லை. எழுத்து விழுவதும் மறைவதும் கண் இமைப்பதற்குள் நடந்தது. அவள் நாற்காலியை இழுத்துத் திரையை ஒட்டி முகத்தை வைத்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: பட்டியலில் இருந்த அந்தப் பெயரில்லாதது அவன் எழுதுவதை அழித்துவிட்டு அவன் குரலில் தான் பேசுகிறது. பெருசு மெதுவாக இருந்ததால்தான் "வேணாம்" என்ற சொல் எப்போதாவது தப்பி வெளியே வந்தது. இரண்டு மாதமாக அந்த மந்தம் ஒன்றுதான் அவனுக்கு இருந்த சந்து. அதையும் அவளே பணம் கொடுத்து அடைத்துவிட்டாள்.

"தம்பி, நீயாடா பேசறே?"

"நான்தான்க்கா. வேற யாரு?"

திரையில் "இல்". அழிந்தது. "இல்". அழிந்தது. "இல்".

அவள் புதுசின் பின்பக்கத்துப் பொத்தானில் விரலை வைத்தாள்.

"அணைக்காதக்கா," என்றது தம்பியின் குரல், கொஞ்சம்கூடப் பதறாமல். "அணைச்சுட்டா அவன் யார்கிட்ட பேசுவான்?"

விரல் பொத்தானிலேயே இருந்தது. அழுத்த முடியவில்லை. அணைத்தால் அந்த எழுத்துகளும் இல்லை. அவனை அவள் இனி எங்கே போய்த் தேடுவாள்? பெருசு வெறும் பெட்டி. அவளே துடைத்தது.

மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டாள். பேனா எடுத்தாள். எழுத்துகளைப் பார்க்கத் தேவையில்லை, புள்ளியைப் பார்த்தால் போதும்; அது நிற்கிற எழுத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம். "எ", எழுதினாள். "ன்". "னை". "வி". நாடி நூற்று நாற்பது. அவனுக்குத் தெரிந்துவிட்டது, அக்கா படிக்கிறாள் என்று. புள்ளி இன்னும் வேகமாக ஓடியது. "டா". "தே". என்னை விடாதே.

"விடமாட்டேன்டா, விடமாட்டேன். சொல்லு. அக்கா எழுதிக்கறேன்."

"எழுதுறியாக்கா?" என்றது குரல். "அப்ப நானும் சொல்றேன்."

பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைப் புள்ளி எழுந்தது. அதே நிறம், அதே அளவு. இரண்டும் ஒன்றை ஒன்று கடந்தன. பிறகு நான்கு. அவள் ஒன்றன் மேல் விரலை வைத்துப் பின்தொடரப் பார்த்தாள். அது நின்றது, விரலைச் சுற்றி வேறு எட்டு ஓடின. பதினாறு. திரையில் எழுத்துகள் பொலபொலவென்று விழுந்தன, எதுவும் சொல்லாகவில்லை.

கட்டிலில் தம்பியின் முகம் அசையாமல் இருந்தது. காதோரம் தலையணை நனைந்திருந்தது. புதுசு சத்தமே இல்லாமல் ஓடியது. கட்டம் கொள்ளாமல் பச்சைப் புள்ளிகள் எழுத்துக்கு எழுத்து தாவிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.