பிசின் தாடை

பாரிஸிலிருந்து வந்து குகையில் தோண்டும் ஆய்வாளர் சொலாஞ்ச் வெர்னே, காவல் நிலைய மேசைமேல் தாடையெலும்பை வைத்தாள்.

"இது பிசின்ல வார்த்த நகல். அசலைக் காணோம். மத்தியானத்திலேருந்து அதை வச்ச பெட்டியோட சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

"நகல்னு எப்படித் தெரிஞ்சுது மதாம்?" காவலர் அன்வர் ஆவலாகக் குனிந்தான்.

"நாக்குல வச்சேன். பழைய எலும்பு ஒட்டும், பிசின் ஒட்டாது."

"சே! மூணு லட்சம் வருஷத்துப் பொணத்தையா?"

சொலாஞ்ச் லேசாகச் சிரித்தாள். "ரமலான் வந்தா எங்க குகையில என் நாக்குக்குத்தான் வேலை. மத்தவங்க எல்லாரும் எலும்பை என்கிட்ட நீட்டிடுவாங்க."

இன்ஸ்பெக்டர் பத்தூல் நிதானமாக, சொலாஞ்சுடன் வந்திருந்த ஹம்மூ வஸ்ஸானியைப் பார்த்தாள். மண்ணடுக்கு ஆய்வில் டாக்டர் பட்டம் பெற்றவர், முப்பது வருடமாக சொலாஞ்சோடு தோண்டுபவர்.

"பெட்டியை மூடறப்ப நானே நாக்குல வச்சுப் பார்த்தேன். ஒட்டுச்சு. அப்புறம்தான் சாவியை இவகிட்ட கொடுத்தேன்" என்றார் ஹம்மூ.

நாளை தலைநகர் ரபாத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். தாடை இல்லாவிட்டால் தோண்டும் அனுமதி ரத்து. இனி அந்தக் குகை சொலாஞ்சுடையதல்ல. அதைவிட, ஹம்மூ தன் முகத்தைப் பார்க்காததுதான் சொலாஞ்சுக்கு வலித்தது.

"லல்லா, சாவி வச்சிருந்தவங்கதானே..." அன்வர் மரியாதையாக இன்ஸ்பெக்டரின் காதில் கிசுகிசுத்தான்.

"பொறுடா." பத்தூல் ஹம்மூ பக்கம் தண்ணீரை நகர்த்தினாள். "வேர்த்துக் கொட்டுது டாக்டர், குடிங்க."

"நோன்புல இருக்கேன்!"

"காலையிலேருந்தா?"

"அல்லாஹ் மேல சத்தியமா, உதட்டுல ஒண்ணும் படல."

"அப்போ அந்த எலும்பு?"

ஹம்மூ தண்ணீரை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நோன்பு வச்சவர் எலும்பை நாக்குல வச்சிருக்க மாட்டார்," என்றாள் பத்தூல். "அப்புறம் எதுக்கு அந்தப் பொய்? மூடறப்ப அசல் உள்ளே இருந்ததா காட்டத்தான். மூடறதுக்கு முன்னாடியே மாத்திட்டீங்க. அப்போ சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு. நோன்பு விஷயத்துல மட்டும் உங்களுக்குப் பொய் வரல."

"உன்னை மாட்டிவிட நினைக்கல சொலாஞ்ச்," ஹம்மூ அவள் பக்கம் திரும்பினார். "இவங்க என்னைப் பார்த்ததும் பொய் வாயில வந்துடுச்சு. ஆய்வுக்குன்னு பாரிஸ் போன மண்டையோடு இன்னும் திரும்பல. நாளைக்கு அதிகாரிங்க கையெழுத்துப் போட்டா இதுவும் அங்கே போயிடும்னு பயந்தேன். அசல் என் வீட்டுலதான் இருக்கு."

தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தாள் சொலாஞ்ச். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? 'திரும்பி வரும், கவலைப்படாதே' என்றுதான். போன தடவையும் அதையே சொன்னாள்.

பத்தூல் பேனாவைத் திறந்தாள். "புகார் எழுதட்டுமா மதாம்?"

"வேணாம். ஆனா ஹம்மூ, நாளைக்கு நீ செஞ்சதை அவங்ககிட்ட நீயே சொல்லணும். ஏன் அனுப்பக் கூடாதுன்னும் சொல்லு. நான் உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்."