கசப்பு மணி

சட்டையைக் கழற்றியதும் பிள்ளைகள் முதலில் கேட்பது தண்ணீர். அடுத்தவர் உடம்பில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் தொண்டை அப்படித்தான் வறளும். அதனால் வழிகாட்டி அறை வாசலிலேயே ஒரு பானையும் நாலு டம்ளரும் வைத்திருந்தார் சென்னியப்பன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு மேற்கொண்டு என்ன பிரிவு, என்ன வேலை என்று வழிகாட்டும் ஆசிரியர் அவர். பானை விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

அரசு வைத்த பெயர் தொழிலுணரி. யார் வாயில் நுழையும்? பிள்ளைகளுக்கு அது சட்டைதான். கொத்தனாரோ வக்கீலோ பதிவுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பார்ப்பார். அவர் கண்டது, கேட்டது, மூச்சு வாங்கியது, வயிறு கலங்கியது எல்லாம் அதில் ஏறிவிடும். மனசுக்குள் நினைத்தது மட்டும் ஏறாது. பிறகு பள்ளியில் ஒரு பிள்ளை சட்டையைப் போட்டுப் படுத்தால், அந்த நாளில் ஒரு மணி நேரம் அந்த ஆளாகவே இருந்துவிட்டு வரலாம். வளரும் உடம்பு அதற்கு மேல் தாங்காது. ஆண்டுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

எந்த மணி நேரம்? சூட்சுமமே அங்கேதான். ஒவ்வொரு பதிவிலும் உடம்பு ரொம்பப் பூரித்த மணியையும் ரொம்ப நொந்த மணியையும் இயந்திரம் பிரித்து, தலைப்புப் போட்டுத் திரையில் வைக்கும். எதை ஓட்டுவது என்பது வழிகாட்டியின் பொறுப்பு. ஆசிரியர்கள் தங்களுக்குள் அவற்றை இனிப்பு மணி, கசப்பு மணி என்பார்கள். இரண்டு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

விரும்பிய பிரிவை மாணவரே எடுக்கலாம், பள்ளி மறுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் இருந்தால் என்ன, நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பலகை வைக்க வேண்டாமா?

"ஏனுங் சென்னியப்பன், போன வருசம் அறிவியல் பிரிவுல ஒரே ஒரு ஃபெயிலு. அதுக்கே கூட்டத்துல என்னைய எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டாங்க" என்றார் தலைமையாசிரியை அமிர்தவல்லி. "முந்நூத்தியம்பதுக்குக் கீழ இருக்கறதுகளுக்கு ஆசை காட்டாதீங்க. தானாவே வேண்டாம்னு சொல்லோணும். புரியுதுங்களா?"

புரிந்தது. மதிப்பெண்ணைப் பார்ப்பார், தலைப்பைப் பார்ப்பார், பொத்தானை அழுத்துவார். அடிக்கவில்லை, திட்டவில்லை, மறுக்கவும் இல்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்து வந்து தாங்களே வேண்டாம் என்றன.

அந்த மே மாதம் ஆசிரியர் வேலையைப் பதிவு செய்யச் சென்னியப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் முடி வெட்டிக்கொண்டு, பதிவுச் சட்டையை உள்ளே போட்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் மாட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக் கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார்கள். அந்தக் கைதட்டலில் உள்ளே போட்டிருந்ததை மறந்தே போனார். பனியன் மாதிரி லேசான துணி, ஞாபகம் வைத்திருக்க அதில் ஒன்றும் இல்லை.

பதினொரு மணிக்குத் தேன்மதி வந்தாள். அம்மா விசைத்தறிக்குப் போகிறவர். வீட்டில் ஐந்து ஆடுகள். தீபாவளியன்று ஓர் ஆடு, ஈனும்போது குட்டி மாட்டிக்கொண்டு, செத்துப்போனது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு.

"மாட்டு டாக்டருங் சார்" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

திரையில் மூன்று வரிகள் வந்தன. தேன்மதி, 341. கால்நடை மருத்துவர், காலை 5: கன்று ஈனுதல். கால்நடை மருத்துவர், பிற்பகல் 3: பசு இறப்பு, உரிமையாளர் ஏச்சு.

ஒன்பது மதிப்பெண் குறைவு. அவர் விரல் ஐந்து மணிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. காதுமடல் சுட்டது. வயிற்றில் என்னவோ புரண்டது. அது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பிள்ளைகள் விஷயத்தில் முழுங்கிய வெட்கம் அது. மூன்று மணியை அழுத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் எழுந்தாள். முழங்கை வரை ரத்தம் இருப்பதுபோல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு வேண்டாமுங் சார். கண்ணு முன்னாலயே செத்துப்போச்சு. அந்த ஆளு என்னைய அடிக்க வந்தாருங் சார்."

"யோசிச்சுச் சொல்லு கண்ணு" என்றார், அவள் யோசிக்க மாட்டாள் என்று தெரிந்தே.

தேன்மதி தையல் பிரிவில் சேர்ந்தாள்.

ஆறு மாதம் கழித்து அவருடைய பதிவு மாநிலம் முழுக்கப் போனது. சட்டப்படி ஆசிரியரின் பெயர் இல்லை, பிள்ளைகளின் முகங்களையும் பெயர்களையும் மறைத்திருந்தார்கள். தலைப்பைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது. ஆசிரியர், காலை 9: பாராட்டு. ஆசிரியர், முற்பகல் 11: தொழில் வழிகாட்டல். சாயங்காலமே உட்கார்ந்து, பதிவை நீக்கும்படி அரசுக்கு எழுதினார். தரமான பதிவு, நீக்க இயலாது என்று பதில் வந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இதுதான்.

வாத்தியார் வேலைக்கு இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை ஆசைப்படப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அடுத்த மே மாதம் தேன்மதியே வந்து நின்றாள். பதினோராம் வகுப்பு முடிந்திருந்தது. இந்த ஆண்டுக்கான மணி நேரம் பாக்கி இருந்தது.

"தையலு ஒட்ட மாட்டேங்குதுங் சார். டீச்சராப் போலாமான்னு பாக்கறேன்."

பள்ளிக் கணக்குப்படி 341க்குக் கசப்பு மணி. சென்னியப்பன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கை மீறி, முந்நூற்று ஐம்பதுக்குக் கீழே இருந்த பிள்ளைக்கு இனிப்பு மணியை அழுத்தினார். அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. தேன்மதி சிரித்துக்கொண்டே எழுந்தாள். எல்லாரும் கை தட்டினாங்க சார், நெஞ்சே நெறஞ்சு போச்சுங் சார் என்றாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளும் வந்தாள். சிரிப்பு இல்லை.

"தாராபுரத்துல எங்க சித்தி புள்ளையும் டீச்சரு கேட்டிருக்கா. அவ முந்நூத்திப் பன்னண்டுங் சார். சட்டையக் கழட்டுனதும் எனக்கு போன் பண்ணுனா. அதுல நான் வந்தேனாமா."

சென்னியப்பன் திரையை அணைத்தார்.

"மூஞ்சிய மறைச்சிருந்தாங்களாமா. கொரலு என்னதுதான்னு சத்தியம் பண்றா. எம் பேரு தெரியல, முந்நூத்தி நாப்பத்தியொன்னு தெரிஞ்சுதுன்னா. அது கீழ ரெண்டு மணி இருந்துதாமா. அஞ்சுக்குக் கன்னு ஈனறது, மூணுக்குப் பசு சாவறது. வெரலு அஞ்சு மேல நின்னுட்டு, மூணு மேல போச்சாமா. காதெல்லாம் எரிஞ்சுது, அசிங்கமா இருந்துதுக்கா, வாந்தி வர்ற மாதிரி இருந்துதுங்கறா."

முந்நூற்று ஐம்பதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை ஆசிரியராக ஆசைப்பட்டால், எந்த ஊரிலும் எந்த வழிகாட்டியும் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கசப்பு மணியைத்தான் அழுத்துவார். ஏமாற்றப்படும் பிள்ளைகள், ஏமாற்றுகிறவரின் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார்கள். சென்னியப்பனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போனார்.

"தப்புத்தான் கண்ணு" என்றார்.

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "அந்த அஞ்சு மணியப் போடுங்க சார்."

போட முடியாது. அவளுடைய இந்த ஆண்டு மணி நேரம் நேற்றே தீர்ந்துவிட்டது. தன் கைதட்டலுக்காக அதைச் செலவழித்தவர் அவர்தான். தரையைப் பார்த்தபடி அதையும் சொன்னார்.

தேன்மதி வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அப்ப வாயிலயாச்சும் சொல்லுங்க. அந்தக் கன்னுக்குட்டி பொழச்சுதுங்களா?"

பெரியவர்களுக்கு மணிக் கட்டுப்பாடு கிடையாது. சட்டை ஐந்து வருடமாக அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

"தெரியாது கண்ணு" என்றார் சென்னியப்பன். "நான் அதப் போட்டுப் பாத்ததே இல்ல."